ஒரு வளையத்தில் இரண்டு தேன்சிட்டு

பறவை நிலையத்துப் பிள்ளைகள் ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ஊதாத் தேன்சிட்டு, நீளமூக்குத் தேன்சிட்டு இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்று. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டுமாம். இப்போதெல்லாம் போனில் படம் எடுத்தால் போனே பறவையின் பெயரைச் சொல்லிவிடுகிறது. ஆனால் இந்த இரண்டில், அதுவும் பெட்டைகளில், போன் இன்று ஒன்று சொல்கிறது, நாளை வேறொன்று சொல்கிறது. "நீங்க எப்படிங்கய்யா பிரிச்சீங்க?" என்று கேட்டார்கள்.

ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். நடந்ததைச் சொல்லாமல் அது நிற்கவில்லை. அதனால் நடந்ததையே எழுதுகிறேன். நான் ஆறாவது வரை படித்தவன். சுற்றி வளைக்கத் தெரியாது.

என் பெயர் மாதப்பன். ஊர் ஹனூர் பக்கம். கொள்ளேகாலில் பட்டு நூல் முறுக்கும் பட்டறையில் எட்டு வருடம் இருந்தேன். பட்டறையை மூடினார்கள். மைசூருக்கு வந்தேன். சாமுண்டி மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பறவை ஆராய்ச்சி நிலையம். புதர் வெட்ட ஆள் வேண்டும் என்றார்கள். சேர்ந்தேன். புதர் வெட்டுவது, வலைக்குக் கம்பு நடுவது. அவ்வளவுதான் வேலை.

வலை என்றால் மெல்லிய கறுப்பு நைலான் வலை. இரண்டு கம்புக்கு நடுவே கட்டிவிட்டால் கண்ணுக்கே தெரியாது. பறவை பறந்து வந்து அதில் விழும். அடிபடாது. அதை எடுத்து, காலில் எண் போட்ட சின்ன வளையம் மாட்டி, அளந்து, விட்டுவிடுவார்கள். மறுபடி சிக்கினால், அது எத்தனை நாள் பிழைத்திருக்கிறது, எவ்வளவு மாறியிருக்கிறது என்று தெரியும்.

ஒரு நாள் காலை ஒரு தேன்சிட்டு நாக்கு வரை வலையில் சிக்கிக்கொண்டது. நிலையத்தின் தலைவர் ஸ்டெல்லா மேடம் கத்தரிக்கோலை எடுத்துவிட்டார். நான் கம்போடு பக்கத்தில் நின்றேன்.

"மேடம், ஒரு நிமிசம் குடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். பட்டு இழை அறுந்தால் அந்தக் காலத்தில் எங்களுக்குத் திட்டு விழும். அறுக்காமல் சிக்கெடுப்பதுதான் எட்டு வருடமாக என் பிழைப்பு.

"எங்க கத்துக்கிட்ட?" என்றார் மேடம்.

"பட்டுலைங்க."

"நாளைலேர்ந்து கம்பு வேணாம். என்கூட வா."

மூன்று வருடம் அவர் கூடவே போனேன். நாலாவது வருடம் அனுமதிப் பட்டியலில் என் பெயரைச் சேர்த்தார். பறவையைத் தொட யாருக்கெல்லாம் அனுமதி உண்டோ அவர்கள் பெயரெல்லாம் அதில் இருக்கும். வருடா வருடம் மே மாதக் கடைசியில் மேடம் கையெழுத்துப் போட்டு அனுப்புவார். அதில் பெயர் இல்லாதவன் கம்பு நடலாம், வலை கட்டலாம். பறவையைத் தொடக் கூடாது.

இனி முறையைச் சொல்கிறேன். பிள்ளைகள் இதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

வலையில் விழுந்த பறவையிடம் போனதும் கை வைக்கக் கூடாது. எந்தப் பக்கமிருந்து விழுந்தது என்று பார்க்க வேண்டும். விழுந்த பக்கமாகத்தான் எடுக்க முடியும். முதலில் கால். பிறகு இறக்கை. கடைசியில் தலை. கழுத்து, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் இருக்க வேண்டும். இறுக்கக் கூடாது. இரண்டு விரலும் வாசற்கால் மாதிரி சும்மா நிற்க வேண்டும். எடுத்ததும் துணிப்பை. பைகள் வரிசையாகக் கொக்கியில் தொங்கும். வரிசையை மீற ஒரே ஒரு பறவைக்குத்தான் உரிமை. தேன்சிட்டு. எட்டு கிராம் உடம்பு. அரை மணி நேரம் பட்டினி தாங்காது. மேடம் ஒவ்வொரு நாளும் சொல்வார், "தேன்சிட்டு முதல்ல."

அளப்பவன் ரெஜிஸ்டரைப் பார்க்கக் கூடாது. எழுதுபவன் பறவையைப் பார்க்கக் கூடாது. அளப்பவன் எண்ணைச் சொல்வான். எழுதுபவன் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதுவான். அதே பறவையை முன்னால் எவ்வளவு என்று எழுதினோம் என்று தெரிந்தால், கை தானாக அந்த எண்ணில் போய் நிற்கும் என்பார் மேடம். அது நிஜம். நான் செய்து பார்த்திருக்கிறேன்.

மேடம் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. மைசூர்க்காரர். அப்பா, அம்மா இரண்டு பேரும் பள்ளிக்கூட வாத்தியார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்ததும் நேராக வலைக்கு வந்துவிடுவார், பைபிளும் ரெஜிஸ்டரும் ஒரே பையில். நாம் ஒரு பறவையின் பெயரைச் சொன்னால் "எப்படித் தெரியும்?" என்பார். "பாத்தாலே தெரியுதுங்க" என்றால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு மலையைப் பார்ப்பார். சரியான பதில் வரும்வரை மலையைத்தான் பார்ப்பார். "நீ நினைக்கிறதச் சொல்லாத மாதப்பா. கைல இருக்கறதச் சொல்லு. சும்னே நினைக்கிறதுக்கு நான் வீட்லயே இருப்பேன் அல்வா?" கன்னடத்தில் 'சும்னே' என்றால் சும்மா, 'அல்வா' என்றால் இல்லையா.

இந்த இரண்டு தேன்சிட்டும் அண்ணன் தம்பி மாதிரி. ஆணில் கஷ்டமில்லை. இரண்டும் கறுப்பு, வெயில் பட்டால் ஊதாவும் பச்சையும் மின்னும். நீளமூக்குக்கு நெஞ்சில் காவிச் சிவப்பில் ஒரு பட்டை, வயிறு புகையடித்த பழுப்பு. ஊதாவுக்கு வயிறும் கறுப்பு. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஊதா ஆண் வேஷத்தைக் கலைத்துவிட்டுப் பெட்டை மாதிரி மஞ்சளாகிவிடும், தொண்டையில் ஒரு கறுப்புக் கோடு மட்டும் மிஞ்சும். நீளமூக்கு பெரும்பாலும் அப்படி மாறாது.

பெட்டையில்தான் சிக்கல். இரண்டுமே மேலே மங்கல் பச்சை, கீழே மஞ்சள். ஊதாப் பெட்டைக்குக் கண்ணுக்கு மேல் வெளிறிய கோடு இருக்கும் என்பார்கள். சிலதில் இருக்கும், சிலதில் தேட வேண்டும். கடைசியில் மூக்குதான் தீர்ப்பு. படித்தவர்கள் அலகு என்பார்கள், நாங்கள் மூக்கு என்போம். வெர்னியர் என்ற இடுக்கி அளவுகோலில் பிடித்து, வளைவைக் கணக்கில் எடுக்காமல், அடியிலிருந்து நுனிக்கு நேராக அளக்க வேண்டும். எங்கள் நிலையத்துக் கணக்கில் ஊதாவுக்கு இருபது மில்லிமீட்டர் அக்கம்பக்கம். நீளமூக்குக்கு இருபத்தைந்துக்கு மேல். நடுவில் ஒன்றும் இல்லை. அதனால் எண் சொன்னால் பெயர் சொன்ன மாதிரி. இதுதான் எங்கள் சட்டம்.

இந்தச் சட்டத்தால்தான் வினை வந்தது.

மேடத்துக்கு உதவியாகக் கிரண் என்று ஒரு இளம் விஞ்ஞானி வந்தார். மைசூர்ப் பையன்தான், வீட்டில் கன்னடம். கெட்டிக்காரர். பழைய ரெஜிஸ்டர்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினார். ஒரு நாள் மதியம் என்னைக் கூப்பிட்டார். மேடமும் இருந்தார். கிரண் கன்னடத்தில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன். சில சொல்லை அப்படியே விடுகிறேன்.

"மாதப்பா, நானூத்திப் பதினேழுன்னு ஒரு வளையம். ஜனவரில நீங்க அளந்திருக்கீங்க. மூக்கு இருபது புள்ளி ஒண்ணு. ஊதா, பெட்டை. சரியா?"

"இருக்கலாங்க."

"மார்ச்ல அதே வளையம். அதே நீங்க. இருபத்தஞ்சு புள்ளி எட்டு. நீளமூக்கு, பெட்டை. ஏன்ரீ இது? ஒரே குருவி ரெண்டு ஜாதியா?"

இரண்டும் என் அளவுதான்.

"ஏழா ஒண்ணான்னு வளையத்தத் தப்பாப் படிச்சிருக்கணும். இல்ல அளவு தப்பா இருக்கணும். இது ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. படாதது எத்தன?" அவர் மேடத்தைப் பார்த்தார். "மேடம், இவர் அளந்த வருஷத்த எல்லாம் அறிக்கையிலேர்ந்து எடுத்துடலாம். வர்ற வருஷப் பட்டியல்ல இவர் பேரும் வேணாம். கம்பு, வலை பாத்துக்கட்டும். கோபம் இல்ல, கணக்கு சுத்தமா இருக்கணும்."

மேடம் மலையைப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு அந்த ஜனவரிக் குருவி ஞாபகம் வந்தது. கையில் பிடித்திருந்தபோது கடைவாயைப் பார்த்தேன். வாயின் இரண்டு ஓரமும் மஞ்சளாக, மெத்தென்று இருந்தது. கூட்டை விட்டு வந்து அதிக நாள் ஆகாத குஞ்சுக்குத்தான் அப்படி இருக்கும். பார்த்தேன். சொல்லவில்லை. ரெஜிஸ்டரில் அதற்குக் கட்டம் கிடையாது. எண் இருபது. சட்டப்படி ஊதா. எழுதச் சொல்லிவிட்டேன்.

"மேடம், ஜனவரில அதுக்குக் கடைவாய் மஞ்சளா இருந்துச்சுங்க. அது குஞ்சுங்க. நீளமூக்குக் குஞ்சு. மூக்கு அப்ப வளந்து முடியல. மார்ச்சுக்குள்ள வளந்துருச்சு."

"ரெஜிஸ்டர்ல இல்லையே," என்றார் கிரண்.

"கட்டம் இல்லீங்க."

"குஞ்சுக்கு மூக்கு சின்னதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா பறக்க ஆரம்பிச்ச அப்புறமும் ஊதா அளவுலயே நிக்கும்னு யார் அளந்தா? இது நீங்க இப்பச் சொல்றது."

மேடம் மலையிலிருந்து திரும்பினார். "கிரண் சொல்றது சரி மாதப்பா. ஞாபகம் அளவு ஆகாது. பட்டியல் மே கடைசில போகணும். அதுக்குள்ள காட்டு. எப்படிக் காட்டுவ?"

பதில் எனக்கு உடனே வந்தது. ஏன் வந்தது என்று தெரியாது. "நீளமூக்குக் கூடு ஒண்ணு கண்டுபிடிக்கறனுங்க. கூட்டுலயே கிரண் சார் குஞ்சுக்கு வளையம் போடட்டும். பறந்ததும் மறுபடி புடிப்போம். அவரே அளக்கட்டும். நான் தொடலீங்க. வெர்னியரயும் தொடல, குருவியயும் தொடல."

கிரண் சிரிக்கவில்லை. "ஒப்புக்கறேன்," என்றார். வெர்னியரை மேஜை மேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

வெளியே சித்தராஜு நின்றான். நஞ்சன்கூட்டிலிருந்து தினம் ரயிலில் வருவான், என்னோடு கம்பு நட்டவன். அதற்குள் அவனுக்குச் சேதி போய்விட்டது.

"ஏனு மாதண்ணா, நின் குருவி ஜாதி மாறிடுச்சாமே? தாலூக் ஆபீஸ்ல சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வரச் சொல்லு."

"போடா."

"பரவால்ல பா. என் கம்பு ஒண்ணு உனக்குத் தர்றேன். இருக்கறதுலயே கனமானது."

வீட்டில் என் மனைவி சரோஜா இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் கேட்டாள். "ஏனுங்க, ஒரு குருவி மூக்குக்கா இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கறீங்க?"

"அஞ்சு மில்லி வித்தியாசம்."

"அஞ்சு மில்லியா! சோறு எறங்கலயாக்கும். அந்த அஞ்சு மில்லியயும் கூட்டிக் கொழம்பு ஊத்தட்டுமா?"

சிரித்துவிட்டேன். ஆனால் அவளுக்கும் தெரியும். அந்த வெர்னியர் இல்லாவிட்டால் நான் மறுபடி புதர் வெட்டுகிறவன். புதர் வெட்டுவது கேவலமில்லை. ஆனால் நான் தப்பாக அளந்தேன் என்று எழுதி வைத்துவிட்டு என்னைப் புதருக்கு அனுப்பினால், அது வேறு.

கூடு தேடினேன். ஊதாவின் கூடு சின்னப் பை மாதிரி தொங்கும், வாசலுக்கு மேல் ஒரு குட்டிக் கூரை நீட்டிக்கொண்டிருக்கும். நீளமூக்கு வேறு மாதிரி. கூட்டமாக வாழும் சிலந்திகள் புதரில் அழுக்கு நூல் பந்து கட்டி வைத்திருக்கும். காய்ந்த இலையும் தூசியுமாக, பார்த்தால் குப்பை. அதற்குள் குடைந்து கூடு வைக்கும். கூரை பெரும்பாலும் இருக்காது. அதனால் நான் குருவியைத் தேடவில்லை. சிலந்திப் பந்தைத் தேடினேன். வளாகத்தில் ஒவ்வொரு பந்தின் முன்னாலும் உட்கார்ந்தேன்.

முதல் கூடு பம்ப் அறைக்குப் பின்னால், உண்ணிச்செடியில். இரண்டு முட்டை. கிரணிடம் காட்டினேன். தாய் வரும்போது படம் எடுத்தார். நீண்டு வளைந்த மூக்கு, சந்தேகமே இல்லை. ஒன்பதாம் நாள் போனபோது பந்து கிழிந்து தொங்கியது. பக்கத்துக் கிளையில் செம்போத்து உட்கார்ந்திருந்தது. அதை நான் திட்டவில்லை. அதுவும் தின்ன வேண்டும்.

அடுத்த கூடு கிடைக்கப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. வேலியோரம் காரைச்செடியில், முழங்கால் உயரம். உள்ளே ஏற்கெனவே இரண்டு குஞ்சு. காரை முள் என்பதால் செம்போத்து நுழையாது. கிரண் மறுபடி தாயைப் படம் எடுத்தார். அப்பனும் வந்தான், நெஞ்சில் காவிப் பட்டையோடு. சரியான நாளில் கிரண் முள்ளுக்குள் கை விட்டு இரண்டுக்கும் வளையம் போட்டார். ஐநூற்று இரண்டு, ஐநூற்று மூன்று. முழங்கை வரை கீறல். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டி நின்றேன்.

"முள்ளுன்னு சொல்லவே இல்லையே," என்றார்.

"சொல்லலீங்க," என்றேன்.

அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

இரண்டு நாள் பெரிய கோடை மழை. மூன்றாம் நாள் கூடு காலி. ஐநூற்று இரண்டைப் பிறகு யாருமே பார்க்கவில்லை. ஐநூற்று மூன்று மட்டும் தாயின் பின்னால் கத்திக்கொண்டு திரிந்தது. வளையத்தை பைனாகுலரில் பார்த்தேன். விடுதிக்கு முன்னால் இருக்கும் இட்லிப்பூச் செடி வரிசைக்குத் தாய் தினம் வரும். அங்கே வலை கட்டினோம். கட்டியது நானும் சித்தராஜுவும்.

ஆறு நாள் வந்தது. ஆறு நாளும் வலைக்கு மேலேயே பறந்தது. சின்னான் குருவி விழுந்தது, தையல்சிட்டு விழுந்தது, ஒரு நாள் விடுதிச் சமையல்காரரின் துண்டு விழுந்தது. ஐநூற்று மூன்று விழவில்லை. மே மாதம் முடிய இரண்டு நாள்தான் பாக்கி. மேடம் பட்டியலை அச்செடுத்து மேஜையில் வைத்திருந்தார். மூன்று பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. நாலாவது வரி வெற்றாக இருந்தது.

வெயிலில் வலை இளகியிருந்தது. பட்டறையில் நூல் இளகினால் ஈரத் துணியால் துடைத்து மறுபடி இழுப்போம். இங்கே துடைக்க முடியாது. கம்பை இன்னும் ஒரு சாண் பிரித்து நட்டு, மேல் கயிற்றை மட்டும் இழுத்துக் கட்டினேன். வலையின் மேல் அடுக்கை மேல் அறை என்போம், அது நிமிர்ந்து உயர்ந்தது. சித்தராஜு பார்த்துக்கொண்டே இருந்தான். "இதுக்குத்தான் உன்னக் கம்புக்குக் கூப்பிட்டேன் அண்ணா," என்றான்.

மறுநாள் காலை ஏழு மணி இருக்கும். தாய் இட்லிப்பூவில் இருந்தது. பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தது ஐநூற்று மூன்று. நேராக மேல் அறையில் விழுந்தது.

கிரண் ஓடினார். நானும் ஓடினேன். நின்றேன். தொட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

குஞ்சு உருண்டிருந்தது. கால் விரல் ஒன்றில் இழை இரண்டு சுற்று. கிரண் இழையைப் பிடித்தார். இழுத்தார். குஞ்சு கீச்சிட்டது. தாய் செடி மேல் நின்று கத்தியது. எட்டு கிராம்கூட இருக்காது. இன்னும் ஐந்து நிமிடம் இப்படித் தொங்கினால் போய்விடும். அது போனால் என் பேச்சும் போகும். அதைவிட, அது போய்விடும்.

"மாதப்பா, நீங்க எடுங்க," என்றார் கிரண்.

"நான் தொடலீங்க சார். நான் எடுத்தா நாளைக்கு எதையும் நம்ப மாட்டீங்க. நான் சொல்றேன், நீங்க எடுங்க. மூச்ச விடுங்க முதல்ல."

விட்டார்.

"எந்தப் பக்கம் விழுந்துச்சு?"

"இந்தப் பக்கம்."

"அந்தப் பக்கத்துலேர்ந்து கைய எடுங்க. இங்க வாங்க. காலு. கால மட்டும் பாருங்க. தொடைக்கிட்டப் புடிங்க, பாதத்தப் புடிக்காதீங்க. புடிச்சீங்களா? இப்ப இழைய இழுக்காதீங்க. விரல மடக்குங்க, இழை தானா வரும்."

"வரலை."

"வரும். அதுக்கு அவசரம் இல்ல, நமக்குத்தான்."

வந்தது. முதல் சுற்று. இரண்டாவது சுற்று. இறக்கை. தலை. குஞ்சு அவர் விரலுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. சித்தராஜு "அப்பா சாமி" என்று தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மேஜையில் மேடம் ரெஜிஸ்டரோடு இருந்தார். எழுதுவது அவர். கிரண் வளையத்தைப் படித்தார். ஐநூற்று மூன்று. மேடம் திருப்பிச் சொன்னார். கிரண் வெர்னியரை எடுத்தார். மூக்கின் அடியில் வைத்து நுனிக்கு நகர்த்தினார். பார்த்தார். மறுபடி அளந்தார். மூன்றாவது தடவை அளந்தார்.

"இருபது புள்ளி நாலு."

"இருபது புள்ளி நாலு," என்றார் மேடம். எழுதினார். பிறகு பென்சிலைக் கீழே வைத்தார். "என்ன பறவை கிரண்?"

கிரண் கையிலிருந்த குஞ்சைப் பார்த்தார்.

"சட்டப்படி?"

"சட்டப்படி ஊதா, மேடம்."

"கைல இருக்கறது?"

"நீளமூக்கு."

"எப்படித் தெரியும்?"

"கூட்டுல நானே வளையம் போட்டேன். தாயப் படம் எடுத்திருக்கேன்." குஞ்சின் தலையை லேசாகத் திருப்பினார். "கடைவாய் மஞ்சளா இருக்கு மேடம். மெத்துன்னு."

மேடம் மலையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

கிரண் குஞ்சுக்கு ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீர் காட்டினார். நீண்ட நாக்கு வெளியே வந்து உறிஞ்சியது. செடிப் பக்கம் கொண்டுபோய் விட்டார். தாய் உடனே வந்து வாயில் ஏதோ திணித்தது. திரும்பி வந்தவர் வெர்னியரைத் துணியில் துடைத்து என் முன்னால் வைத்தார்.

"தப்பு என்னுது, மாதப்பனவரே," என்றார். அதுவரை அவருக்கு நான் வெறும் மாதப்பா. 'அவரே' என்பது கன்னடத்தில் பெரியவர்களைக் கூப்பிடும் மரியாதை.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். மறைக்க மாட்டேன். அன்று காலை மைசூரில் என்னைவிட உயரமானவன் யாரும் இல்லை. இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது.

"என்னுதும் தப்பு இருக்குங்க. நானூத்திப் பதினேழ ஊதான்னு எழுதச் சொன்னது நான்தான். கடைவாயப் பாத்துட்டும் சொல்லல. இந்த மாதிரி இன்னும் சிலது இருக்கும். குஞ்சு வர்ற மாசத்துல இருபது அளவுல வந்த பெட்டை எல்லாம் நம்ப முடியாதுங்க."

மேடம் தலையை ஆட்டினார். "அத எடுக்க மாட்டோம். சந்தேகம்னு எழுதுவோம். வருஷத்தயே தூக்கிப் போடறத விட அது நல்லது அல்வா, கிரண்?"

"ஹௌது மேடம்," என்று ஒப்புக்கொண்டார் கிரண்.

நாலு நாள் மூன்று பேரும் உட்கார்ந்து பழைய ரெஜிஸ்டர்களைப் பார்த்தோம். சந்தேகமானவற்றின் பக்கத்தில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி. மற்றதெல்லாம் நின்றது. மேடம் புது ரெஜிஸ்டரில், மூக்குக் கட்டத்துக்கு முன்னால் ஒரு கட்டம் போட்டார். கடைவாய். மஞ்சளா, கறுப்பா, மெத்தா, கெட்டியா. அதை எழுதாமல் யாரும் மூக்கை அளக்கக் கூடாது. பிள்ளைகள் கேட்ட ஒரு பக்கம் உண்மையில் இந்த ஒரு கட்டம்தான்.

குஞ்சை அளந்த அன்று காலையே பட்டியலை எடுத்திருந்தார் மேடம். நாலாவது வரியில் என் பெயரை எழுதக் கிரணிடம் பேனாவைக் கொடுத்தார். அவர் தமிழில் எழுதக் கற்றிருக்கவில்லை. கன்னடத்தில் எழுதினார். எனக்குக் கன்னடம் படிக்கத் தெரியும். ஒரு எழுத்தும் தப்பில்லை.

சித்தராஜு விடவில்லை. "கனமான கம்ப உனக்குன்னு எடுத்து வெச்சேன், இப்ப யாருக்குக் குடுக்கறது?" என்றான். "உனக்கே வெச்சுக்க," என்றேன்.

ஜூலையில் ஒரு நாள். மழை விட்ட காலை. அளப்பது நான், எழுதுவது கிரண். ஒரு பெட்டைத் தேன்சிட்டைப் பையிலிருந்து எடுத்தேன். காலில் ஏற்கெனவே வளையம். படித்தேன்.

"ஐநூத்தி மூணு."

கிரணின் பென்சில் நின்றது. எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. ஆனாலும் முறை முறைதான்.

"ஐநூத்தி மூணு," என்றார்.

"கடைவாய் கறுப்பு. கெட்டி."

"கடைவாய் கறுப்பு. கெட்டி."

வெர்னியரை வைத்தேன். ஒரே தடவைதான் அளந்தேன். "இருபத்தாறு புள்ளி ஒண்ணு."

"இருபத்தாறு புள்ளி ஒண்ணு," என்றார். எழுதினார். பிறகுதான் ரெஜிஸ்டரை மூடிவிட்டு எழுந்து வந்தார்.

குருவியை அவர் கையில் மாற்றினேன். கழுத்து இரண்டு விரலுக்கு நடுவில் ஒழுங்காக உட்கார்ந்தது. இட்லிப்பூப் பக்கம் நடந்து போய்க் கையைத் திறந்தார்.